நூல் கவுண்ட்டுக்கு எந்த இன்ஸ்டன்ஸ்? டைப் கிளாஸ்களை அடுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியில் தனியாளாக ஒரு சின்ன புரோகிராம் எழுதும்வரை இந்தக் கேள்வி தலைகாட்டாது. கம்பைலர் எங்கே இன்ஸ்டன்ஸ் (ஒரு கிளாஸ் கேட்கும் ஃபங்ஷன்களை ஒரு டைப்புக்கு எழுதித் தருவது) கேட்கிறதோ அங்கே எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அதே ஆள் கோவை சரவணம்பட்டியில் ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் உட்கார்ந்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நூல் ஸ்டாக், நிட்டிங் ஜாப் ஒர்க், சாயப்பட்டறைக் கணக்கு எல்லாம் சேர்ந்த மென்பொருள் எழுத ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் வாக்குவாதம் தொடங்கிவிடும். எந்த கிளாஸ் எதற்கு மேல்? இன்ஸ்டன்ஸை டைப் இருக்கும் ஃபைலில் வைப்பதா, கிளாஸ் இருக்கும் ஃபைலில் வைப்பதா, தனி மாட்யூலில் கொட்டுவதா? இன்ஸ்டன்ஸே வேண்டுமா, சாதாரண ஃபங்ஷனைக் கையில் கொடுத்தால் போதாதா?

டைப் கிளாஸ் என்பது ஃபிலிப் வாட்லரும் ஸ்டீஃபன் பிளாட்டும் 1989இல் வெளியிட்ட யோசனை. உள்ளே நடப்பது எளிமையானது. ஒரு கிளாஸின் ஃபங்ஷன்கள் அடங்கிய அகராதி ஒன்றை, கம்பைலர் நம் கண்ணுக்குத் தெரியாமல் கூடுதல் ஆர்க்யுமென்ட்டாக அனுப்புகிறது. எந்த அகராதி என்பதை டைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. டைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டுமானால், ஒரு டைப்புக்கு ஒரு பதில்தான் இருக்க முடியும். என் அளவுகோல் இதிலிருந்தே வருகிறது: அந்தத் தொழிலில் இருக்கிறவரிடம் கேட்டால் யோசிக்காமல் ஒரே பதில் சொல்வாரா? சொன்னால் இன்ஸ்டன்ஸ். "எதுக்குக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டால், அது ஃபங்ஷன்.

நாற்பது பெரியதா, முப்பது பெரியதா?

பருத்தி நூலின் பருமனைத் திருப்பூரில் கவுண்ட்டில் சொல்வார்கள்: முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை தேறும் என்பதே அந்த நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். பாலியஸ்டர் ஃபிலமென்ட் நூல் டெனியரில் வரும். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெனியர். அங்கே நம்பர் ஏறினால் நூல் மோட்டா. இரண்டையும் டெக்ஸுக்கு, அதாவது 1000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவுக்குக் கொண்டுவரலாம். 30ஆம் நம்பர் சுமார் 19.7 டெக்ஸ், 40ஆம் நம்பர் சுமார் 14.8, 150 டெனியர் சுமார் 16.7.

இப்போது நூல் என்ற டைப்புக்கு ஓர்ட் இன்ஸ்டன்ஸ் எழுத வேண்டும். ஓர்ட் என்பது எது பெரியது, எது சிறியது என்று ஒப்பிடும் கிளாஸ். ஒரு குடோன் ஸ்டோர்கீப்பரிடம் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்குக் கேக்கறீங்க தம்பி, சன்னத்துக்கா, ரேட்டுக்கா? லாட்டு எடுத்துக் குடுக்கறதுன்னா எது முந்தி வந்துச்சோ அதைத்தானுங்க முந்தி எடுக்கோணும்" என்பார். ஒரே மூச்சில் மூன்று வரிசை.

முதல் வழி, கம்பைலரையே இன்ஸ்டன்ஸ் எழுதிக்கொள்ளச் சொல்வது. பலரும் செய்வது இதுதான், எனக்குப் பிடிக்காததும் இதுதான். தானாக வரும் ஓர்ட், ரெக்கார்டில் ஃபீல்டுகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றனவோ அந்த வரிசையில் ஒப்பிடும். லாட் எண் முதலில் இருந்தால் ஒரு வரிசை, கவுண்ட் முதலில் இருந்தால் வேறொரு வரிசை. அழகுக்காக யாராவது ஃபீல்டுகளை இடம் மாற்றினால் ஸ்டாக் ரிப்போர்ட்டின் வரிசை சத்தமில்லாமல் மாறும். கம்பைலர் வாயே திறக்காது.

இரண்டாவது, நியூடைப் போர்த்துவது. சன்னத்துக்கு ஒரு உறை, வரவுத் தேதிக்கு ஒரு உறை, ஒவ்வொன்றுக்கும் தனி ஓர்ட். ஹாஸ்கெல்லின் நூலகத்திலேயே இந்த வழக்கம் உண்டு: எண்களைக் கூட்டிச் சேர்க்க சம், பெருக்கிச் சேர்க்க ப்ராடக்ட், வரிசையைத் தலைகீழாக்க டவுன். ஓடும்போது உறைக்குச் செலவு கிடையாது. பட்டியலை ஒட்டுமொத்தமாக உறை மாற்ற கோயர்ஸ் இருக்கிறது. ஆனால் செட்டை (ஒரே மதிப்பு இரண்டு முறை வராத தொகுப்பை) அப்படி மாற்ற கம்பைலர் விடாது. செட் உள்ளே ஒரு மரம். மரம் கட்டப்பட்ட வரிசை வேறு, புது உறையின் வரிசை வேறு என்றால் தேடல் தப்பாகிவிடும். இந்தத் தடையை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள், நல்லதுக்குத்தான்.

மூன்றாவது, வரிசைப்படுத்தும் ஃபங்ஷனையே கையில் கொடுப்பது. ரிப்போர்ட்டுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. படிக்கிறவருக்கும் எந்த வரிசை என்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

ஸ்காலா மொழியில் இன்ஸ்டன்ஸ் என்பதே ஒரு சாதாரண மதிப்பு. ஒரே டைப்புக்கு இரண்டு வரிசைகள் இருக்கலாம். எது ஸ்கோப்பில் இருக்கிறதோ அது எடுபடும். கேட்பதற்கு நம் ஸ்டோர்கீப்பருக்கு ஏற்ற மொழி போலத் தோன்றும். விலை என்னவென்றால், இரண்டு செட்களைச் சேர்க்கும்போது இரண்டும் ஒரே வரிசையில் கட்டப்பட்டவைதானா என்பதற்கு டைப்பில் உத்தரவாதம் இல்லை. ஹாஸ்கெல்லில் டைப் ஒன்றென்றால் வரிசையும் ஒன்று என்ற நம்பிக்கையில்தான் செட்களின் யூனியன் வேகமாக நடக்கிறது. ஓகேமல் மொழி இடையில் நிற்கிறது: வரிசையை ஒரு மாட்யூலாக எழுதி, மேப்பை (சாவிக்கு ஒரு மதிப்பு வைக்கும் அட்டவணையை) உருவாக்கும் ஃபங்டருக்கு (ஓகேமலில் இது மாட்யூலை வாங்கி மாட்யூலைத் தருவது) கொடுத்தால், அந்த வரிசைக்கே உரிய தனி மேப் டைப் கிடைக்கும். வேறு வரிசையில் கட்டிய மேப்போடு அதைக் கலக்க முடியாது. எழுதுவதற்குக் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கொள்கையாகப் பார்த்தால் இருப்பதில் நேர்மையான வழி அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஹாஸ்கெல்லிலேயே இருக்கப் போகிறோம் என்றால் என் தேர்வு இது: ஓர்ட் இன்ஸ்டன்ஸை லாட் எண் போன்ற அடையாளங்களுக்கு மட்டும் கொடுங்கள். அங்கே வரிசைக்கு வியாபார அர்த்தம் எதுவும் இல்லை, மேப்பில் சாவியாக இருந்தால் போதும். நூலுக்கு ஓர்ட் வேண்டாம். சன்னம், ரேட், தேதி மூன்றும் பெயருள்ள ஃபங்ஷன்களாக இருக்கட்டும். நூலுக்கு ஓர்ட் இல்லாததால் கம்பைலர் தடுக்கும் ஒவ்வொரு இடமும், "எதுக்குக் கேக்கறீங்க" என்று அது கேட்கிற இடம்.

கிளாஸ் அடுக்கு: ஒரே மூட்டையா, பல பொட்டலமா?

இன்ஸ்டன்ஸ் முடிவு தவறினால் ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். கிளாஸ்களின் அடுக்கு அப்படியில்லை. ஹாஸ்கெல் சமூகமே இதற்கு விலை கொடுத்திருக்கிறது. ஹாஸ்கெல் 98இல் மோனாட் கிளாஸுக்கு (படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பது) மேலே ஃபங்டர் (உள்ளே இருக்கும் மதிப்புகள் மேல் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது) இல்லை. கோனர் மெக்பிரைடும் ராஸ் பேட்டர்சனும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அப்ளிகேட்டிவ் பற்றி எழுதிய கட்டுரை 2008இல் வந்தது. கணக்குப்படி ஒவ்வொரு மோனாடும் அப்ளிகேட்டிவ்தான் என்றாலும், அதை அடுக்கில் சேர்த்தது 2015இல், ஹாஸ்கெல் கம்பைலரான ஜி.ஹெச்.சி 7.10இல். ஏற்கெனவே மோனாட் மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாரும் மேலே இரண்டு இன்ஸ்டன்ஸ் சேர்க்க வேண்டியதாயிற்று. 2018இல், 8.4இல், இதே கதை செமிகுரூப் (இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது) விஷயத்தில்: அது மோனாய்டுக்கு (சேர்த்தாலும் மாற்றாத வெற்று மதிப்பும் உடையது) சூப்பர்கிளாஸ், அதாவது மேல் கிளாஸ், ஆனது. மோனாடுக்குள் சம்பந்தமில்லாமல் உட்கார்ந்திருந்த ஃபெயில் என்ற ஃபங்ஷன் 8.8இல் வெளியேறித் தனி கிளாஸுக்குப் போனது. ஒரு மதிப்பை உள்ளே வைக்கும் ஒரே வேலைக்கு ரிட்டர்ன் ஒன்று, ப்யூர் ஒன்று என்று இரண்டு பெயர்கள் இன்றும் கிடப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

அப்படியானால் முதலிலேயே பொடிப்பொடியாகப் பிரித்துவிடலாமே? ப்யூர்ஸ்கிரிப்ட் மொழி அதைத்தான் செய்தது. ஃபங்டர், அதற்குக் கீழே அப்ளை, அதிலிருந்து ஒரு பக்கம் அப்ளிகேட்டிவ், இன்னொரு பக்கம் பைண்ட், இரண்டும் சேர்ந்தால் மோனாட். எண்களுக்கும் செமிரிங், ரிங், கம்யூட்டேட்டிவ் ரிங் என்று படிகள். இது வெறும் கணித ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. கலர்வாரியாக எடை ஒரு மேப்பில், கலர்வாரியாகச் சாயக் கூலி இன்னொரு மேப்பில் இருக்கிறது. இரண்டிலும் உள்ள கலர்களுக்கு மட்டும் பெருக்கிப் பில் தொகை எடுக்க வேண்டும். இதற்கு அப்ளை போதும். அப்ளிகேட்டிவ் ஆகவே முடியாது, ஏனென்றால் அதற்கு ப்யூரும் வேண்டும்: உலகத்தில் இருக்கிற எல்லாக் கலருக்கும் ஒரே மதிப்பு என்று ஒரு மேப்பைக் கட்டிக் கொடுக்க முடியாது. ஹாஸ்கெல்லின் அடிப்படை நூலகத்தில் இந்த நடுப்படி இல்லாததால், மேப் ஃபங்டரோடு நின்றுவிடுகிறது. வேண்டுகிறவர்கள் எட்வர்ட் கிமெட்டின் செமிகுரூபாய்ட்ஸ் நூலகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மேப்பின் சொந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்.

நூலிலும் இந்த நடுப்படி தெரியும். இரண்டு நாற்பதாம் நம்பர் நூலைச் சேர்த்து முறுக்கினால் இருபதாம் நம்பருக்குச் சமமான டபுள் நூல். முப்பதையும் நாற்பதையும் முறுக்கினால் சுமார் 17. டெக்ஸில் பார்த்தால் வெறும் கூட்டல். கவுண்ட்டில் பார்த்தால் தலைகீழ்களின் கூட்டல். முறுக்கினால் நீளம் கொஞ்சம் குறைவதை விட்டுவிட்டால், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றே. ஆகவே செமிகுரூப். மோனாய்டு ஆக வேண்டுமென்றால் சேர்த்தாலும் மாறாத ஒரு வெற்று நூல் வேண்டும்: பூஜ்ஜியம் டெக்ஸ், கவுண்ட்டில் சொன்னால் முடிவிலி. அப்படி ஒரு கோனை எந்த மில்லும் அனுப்பாது. அடுக்கில் செமிகுரூப் தனிப்படியாக இருப்பதால் நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. காலியாக இருக்க முடியாத பட்டியலை வாங்கிச் சேர்த்துவிட்டுப் போகலாம்.

இதற்கு நேரெதிர், ஹாஸ்கெல்லின் ‘நம்’ என்ற எண் கிளாஸ். கூட்டல், கழித்தல், பெருக்கல், தனிமதிப்பு, குறி, முழு எண்ணிலிருந்து மாற்றுதல் எல்லாம் ஒரே மூட்டை. எடைக்கு ‘நம்’ இன்ஸ்டன்ஸ் எழுதினால் கிலோவைக் கிலோவால் பெருக்கினால் என்ன என்று சொல்லியாக வேண்டும். கூட்டல் குறி கிடைக்கும் என்ற ஒரே ஆசையில் இதை எழுதுகிறவர்கள் நிறைய. எடைக்கு மோனாய்டு போதும். வெற்று எடை என்பது உண்மையிலேயே இருக்கிறது. நாளைக்கே ரேட்டால் பெருக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள், அது பணம் என்ற டைப்பைத் திருப்பித் தரட்டும்.

பொடிப்பொடியாகப் பிரிப்பதற்கும் செலவு உண்டு. ஒரு புது டைப்புக்கு ஏழெட்டு இன்ஸ்டன்ஸ் எழுத வேண்டும், கம்பைலர் பிழைச்செய்தியில் தெரியாத பெயர்கள் வரும், புதிதாக வந்தவர் மிரள்வார். எழுதும் சுமையை, ஜி.ஹெச்.சி 8.6இல் வந்த, இன்னொரு டைப்பின் இன்ஸ்டன்ஸை அப்படியே எடுத்துக்கொள்ளும் டெரைவிங் வியா வெகுவாகக் குறைத்துவிட்டது. பிழைச்செய்தியின் சுமை அப்படியேதான் இருக்கிறது.

அடுக்கும் இன்ஸ்டன்ஸ் விதியும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதற்கு ஸ்காலா நல்ல சாட்சி. அதன் கேட்ஸ் நூலகத்தில் அடுக்கு என்பது வாரிசு முறை. பிழையைக் கையாளும் மோனாட் எரரும் ஒரு மோனாட்தான். நிலையைக் கையாளும் கிளாஸையும் அதே மாதிரி மோனாடின் வாரிசாக வைத்து, ஒரு ஃபங்ஷன் இரண்டையும் கேட்டால், கம்பைலர் முன்னால் இரண்டு மோனாட்கள் நிற்கும். எதை எடுப்பது என்று தெரியாமல் கைவிரித்துவிடும். கேட்ஸ் எம்.டி.எல் என்ற நூலகம் இதைத் தவிர்க்க, வாரிசாக வைக்காமல் மோனாடை உள்ளே ஒரு மதிப்பாக வைத்துக்கொள்கிறது. ஹாஸ்கெல்லில் இந்தச் சிக்கலே எழாது: எந்த வழியாக வந்தாலும் ஒரு டைப்புக்கு ஒரே மோனாட். இன்ஸ்டன்ஸ் விதி இறுக்கமாக இருக்கும் மொழியில்தான் ஆழமான அடுக்கு பயமில்லாமல் நிற்கும்.

சரி, நம் சொந்த வியாபார கிளாஸ்கள்? ஜாவா வழியாக வருகிற பிள்ளைகள் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: சரக்கு என்று ஒரு கிளாஸ், அதன் கீழ் நூல், துணி, ஆடை, ஒவ்வொன்றுக்கும் பெயர், எடை, ரேட், வரி. இதில் விதி எதுவும் இல்லை. மோனாய்டு என்றால் எப்படி அடைப்புக்குறி போட்டாலும் விடை மாறக்கூடாது என்ற விதி உண்டு. அந்த விதியை நம்பித்தான் மற்றவர்கள் பொதுவான ஃபங்ஷன் எழுத முடிகிறது. சரக்கு கிளாஸை நம்பி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அது ஒரு ரெக்கார்டின் ஃபீல்டு பெயர்கள். ரெக்கார்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஹெச்.எஸ்.என் (வரிக்கான சரக்கு வகைக் குறியீடு) அத்தியாயமாவது டைப்புக்கு ஒன்றுதானே, பின்னலாடைத் துணிக்கு 60, பின்னல் ஆடைக்கு 61 என்று கேட்கலாம். நூலுக்கு வந்தால் அதுவும் உடைந்துவிடும்: பருத்தி என்றால் 52, செயற்கை ஃபிலமென்ட் என்றால் 54. வரி விகிதம் அரசாணைக்கு ஆணை மாறும். அதை இன்ஸ்டன்ஸில் எழுதுவது டேட்டாவை கம்பைல் செய்வது.

விதி இருப்பதால் கிடைக்கும் லாபத்துக்கு ஓர் உதாரணம். லாட்களைச் சேர்க்கும்போது எடையும் சராசரி ரேட்டும் கொண்ட ஜோடியாக வைத்து, இரண்டு ரேட்டின் நடுவை எடுத்தால், எந்த லாட்டை முதலில் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். செமிகுரூப் விதி அங்கேயே தோற்கும். எடையும் மொத்தத் தொகையுமாக வைத்தால் விதி நிற்கும்; ரேட் வேண்டும்போது வகுத்துக்கொள்ளலாம். விதியைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட், ஆடிட்டர் கண்டுபிடிப்பதற்கு முன்பே இதைப் பிடித்துவிடும்.

விதி நின்றாலே போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு குடோன்களின் கலர்வாரி ஸ்டாக் மேப்களை மோனாய்டு குறியால் சேர்த்தால், இரண்டிலும் இருக்கிற கலருக்கு முதல் மேப்பின் எடை மட்டும் மிஞ்சும். இரண்டாவது குடோனின் நேவி ப்ளூ காணாமல் போகும். மேப்பின் இன்ஸ்டன்ஸ் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: இடதுபக்கம் ஜெயிக்கும். அதுவும் விதிக்கு உட்பட்ட மோனாய்டுதான். குடோனில் கேட்டால் யாரும் அந்தப் பதிலைச் சொல்ல மாட்டார்கள். எப்படிச் சேர்ப்பது என்று ஃபங்ஷனைக் கையில் கொடுக்கும் யூனியன்வித்தைப் பயன்படுத்துங்கள். குழுவுக்குள் மேப்களுக்கு மோனாய்டு குறியைத் தடைசெய்தாலும் தப்பில்லை.

இன்ஸ்டன்ஸ் எந்த ஃபைலில்?

இதில் நீட்டி முழக்க அதிகம் இல்லை. டைப்போடு வை, அல்லது கிளாஸோடு வை. மூன்றாவது இடம் வேண்டாம். மூன்றாவது இடத்தில் வைத்தால் அது ஆர்ஃபன் இன்ஸ்டன்ஸ். ரஸ்ட் மொழி இதைப் பிழையாகவே நிறுத்திவிடும்: ட்ரெய்ட்டோ (அங்கே கிளாஸுக்குப் பெயர்) டைப்போ, ஒன்றாவது உன் கிரேட்டில் (பேக்கேஜில்) இருக்க வேண்டும். ப்யூர்ஸ்கிரிப்ட்டும் விடாது. ஜி.ஹெச்.சி எச்சரிக்கை மட்டும் தரும், அதுவும் கேட்டால். ஆபத்து என்னவென்றால், ஒரே டைப்புக்கு இரண்டு மாட்யூல்களில் இரண்டு ஆர்ஃபன்கள் இருந்து, அவை ஓரிடத்தில் சந்திக்காமலே இருந்தால் கம்பைலருக்குத் தெரியவே தெரியாது. ஒன்றை நம்பிக் கட்டிய செட்டில் இன்னொன்றை நம்பித் தேடினால், உள்ளே இருக்கிற லாட் இல்லை என்று பதில் வரும்.

நடைமுறையில் இடிக்கிற இடம் ஜேசான், அதாவது டேட்டாவை எழுத்தாக எழுதி வைக்கும் வடிவம். நூல், லாட் போன்ற அடிப்படை டைப்கள் இருக்கும் பேக்கேஜில் ஜேசான் இன்ஸ்டன்ஸ் எழுதினால் அந்த பேக்கேஜ் ஜேசானுக்கான ஏசான் நூலகத்தைச் சுமக்க வேண்டும். எழுதாவிட்டால் ஆர்ஃபன். பேக்கேஜைப் பொதுவில் வெளியிடப் போவதில்லை என்றால் சுமந்துவிட்டுப் போகட்டும். கம்பைல் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆர்ஃபனை அனுமதிக்கலாம் என்று நான் சொல்வது டெஸ்ட் ஃபோல்டரில் மட்டும், ஏனென்றால் டெஸ்டை யாரும் இம்போர்ட் செய்வதில்லை. டெஸ்டுக்கு ரேண்டம் மதிப்புகளை உருவாக்கும் குவிக்செக் நூலகம் கேட்கும் ஆர்பிட்ரரி இன்ஸ்டன்ஸ்களை அங்கே வைக்கலாம். அதைக்கூடத் தவிர்க்க வழி இருக்கிறது: அதே வேலையைச் செய்யும் ஹெட்ஜ்ஹாக் நூலகத்தில் ஜெனரேட்டர் என்பது கிளாஸே இல்லை, கையில் கொடுக்கும் மதிப்பு. 20இலிருந்து 60 வரை கவுண்ட் வேண்டும் என்றால் ஒரு ஜெனரேட்டர், டபுள் நூல் மட்டும் வேண்டும் என்றால் இன்னொன்று. நூலுக்கு ரேண்டம் உதாரணங்களை உருவாக்கும் வழி ஒன்றே ஒன்றுதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் அளவுகோல்படியும் அது ஃபங்ஷன் பக்கம்தான் விழுகிறது.

ஜேசானுக்கும் அதே கேள்வியைப் போடுங்கள். டேட்டாபேஸில் நாமே எழுதி நாமே படிக்கும் வடிவம் ஒன்றுதான். அதற்கு இன்ஸ்டன்ஸ் எழுதலாம், டைப் இருக்கும் ஃபைலிலேயே. வெளிநாட்டு பையரின் போர்ட்டலுக்குப் போகும் வடிவம் பையருக்குப் பையர் மாறும்: ஒருவர் எடையைக் கிராமில் கேட்பார், இன்னொருவர் ஜி.எஸ்.எம்மையும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) அகலத்தையும் கேட்பார். அவற்றைப் பையர் பெயரில் இருக்கும் மாட்யூல்களில் சாதாரண ஃபங்ஷன்களாக வையுங்கள். எல்ம் மொழியில் டைப் கிளாஸே கிடையாது, எல்லா என்கோடரும் இப்படித்தான். எழுதுவது சலிப்புத் தரும் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு பையர் போய் இன்னொருவர் வந்தால், அழிக்க வேண்டியது எந்த ஃபைல் என்று தேட வேண்டியிருக்காது.